ஒருவருக்காகத்தான் கேட்க முடியும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியை மூடியபோது நாற்பது பேர் ஒரே நாளில் வெளியே வந்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். எங்காவது ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அதில் போட வேண்டும் என்று பேச்சு. ஒருவர் போட்ட தகவலையே இன்னும் மூன்று பேர் போட்டார்கள். போய் நின்றால் கம்பெனி கேட்டுக்கு வெளியே எங்கள் ஆட்களே நின்றார்கள். யாருக்கு போன் செய்தாலும், நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் என்னிடம் வேலை கேட்டார்கள்.

பக்கத்து மெஷினில் பதினோரு வருடம் என்னோடு நின்ற நண்பன் ஆவடி பக்கம் சேக்காட்டில் இருந்தான். லேத் மெஷினில் என்னைவிடக் கெட்டிக்காரன். எனக்கு அளவு தப்பும்போதெல்லாம் அவன்தான் வந்து சரிசெய்வான். இருவரும் ஒரே வண்டியில் வேலை தேடி அலைந்தோம்.

ஐந்தாவது மாதம், எங்கள் முகப்பேர் குடியிருப்பின் மேல்மாடிப் பெண்மணி பேச்சுவாக்கில் என்னைப் பற்றி என் மனைவியிடம் விசாரித்தார். அதுவரை பார்த்தால் சிரிப்பதோடு சரி. அவருடைய அண்ணன் பூந்தமல்லி தாண்டி ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். மறுவாரமே கூப்பிட்டார். மெஷினில் நிறுத்திக்கூடப் பார்க்கவில்லை. "தங்கச்சி சொல்லிட்டா, போதும்" என்றார்.

சேர்ந்த சில வாரங்களில் அவரிடம் நண்பனைப் பற்றிச் சொன்னேன். உள்ளே இருப்பவர்களின் சொந்தக்காரர்களே வரிசையில் இருக்கிறார்கள் என்று சொல்லி, அவனுடைய பயோடேட்டாவை வாங்காமலே அனுப்பிவிட்டார். மேல்மாடிக்குப் போய்க் கேட்டேன். அந்தப் பெண்மணி சங்கடப்பட்டார். "ஒருத்தருக்காகத்தாங்க கேக்க முடியும். மறுபடி கேட்டா அண்ணி தப்பா நினைப்பாங்க."

நண்பனுக்கு போன் செய்து சொன்னேன்.

"வுடு மச்சான், நீயாவது உள்ள போனியே" என்றான். பிறகு, "எங்க தெருவுல எனக்குத் தெரிஞ்சவன் எல்லாம் நம்ம கம்பெனிக்காரன்தான். எல்லாரும் ஊட்லதான் கீறான்" என்றான்.

மூன்று மாதம் கழித்து எங்கள் தொழிற்சாலையில் லேத்துக்கு ஒருவரை எடுத்தார்கள். சூப்பர்வைசரின் மச்சான். அதுவரை கூரியர் கம்பெனியில் இருந்தவர், லேத்தைத் தொட்டதே இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. நல்ல மனிதர்தான், சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அந்த வாரமே நண்பன் கூப்பிட்டு, லேத்துக்கு ஆள் எடுத்தார்களாமே என்று கேட்டான். ஆமாம் என்றேன். கற்றுக்கொடுப்பது நான்தான் என்பதைச் சொல்லாமலே போனை வைத்தேன்.