ஐந்தாம் பாகத்தில் செத்த கம்பவுண்டர்

செக்கிங் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தொழிற்சாலை முழுக்கத் தெரியும். காரணமில்லாமல் வராது; அதையும் சொல்லிவிட வேண்டும். தைத்து வருகிற சட்டைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. காலரைப் புரட்டி, கையை உள்பக்கமாக இழுத்து, தையலை விரலால் நீவிக் குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவாள். சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். "இதெல்லாம் யாரு கண்ணுக்குக்கா தெரியப்போகுது?" என்று கெஞ்சுபவர்களுக்கு ஒரே பதில்தான். "போடறவன் உடம்புக்குத் தெரியும்."

வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். எந்த வளைவில் எந்த மரம், எந்தப் பாலத்துக்கு முன்னால் பள்ளம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். போன வருஷம் ஒரு காலையில் வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. கை முக்கால்வாசி தேறிவிட்டது. கண்தான் வரிசை பிடித்துப் படிக்க மறுத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு வார்த்தையைப் போட்டுவைத்தார்: "ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாப் போகலாம், பார்த்துக்குங்க." அதை மனுஷர் வாயோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அன்றிலிருந்து இவர் காலையில் கண் விழித்ததும் பழைய வழிகளையெல்லாம் முணுமுணுத்துப் பார்ப்பார், எல்லாம் இருக்கிறதா என்று.

இரண்டு பேருக்கும் பொதுவான பைத்தியம் ஒன்று உண்டு. சாவிக்காரி கதைகள். சின்ன ஊரில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒரு விதவை, அவளுடைய சோம்பேறிப் பூனை, பேச்சுத் துணைக்கு எதிர்வீட்டுக் கம்பவுண்டர். கொலை நடக்கும், ஆனால் நமக்கு வயிற்றைக் கலக்காது. சாவிக்காரி பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவாள். எட்டுப் பாகத்தையும் இவள் படித்ததும் அவர் லாரியில் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, போனிலேயே சண்டை போடுவார். ஒன்பதாம் பாகத்துக்கு நாலு வருஷம் காத்திருந்தார்கள். வந்த அன்றைக்கே வாங்கினாள். சாயங்காலம் டீயைக் குடித்துவிட்டு உரக்கப் படிக்க உட்கார்ந்தாள்.

நாற்பத்தோராம் பக்கத்தில் கம்பவுண்டர் இருமிக்கொண்டே கடைக்குள் வந்தார்.

"அவருதான் செத்துட்டாரே," என்றார் வீட்டுக்காரர்.

அவள் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "இல்லைங்க, இருக்காரே. வந்து ஸ்டூல்ல உக்கார்றாருன்னு போட்டிருக்கு."

"அஞ்சாவதுலயே போயிட்டாரு. மார் வலி வந்து."

"வேற யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசறீங்க. அச்சடிச்சே போட்டிருக்கான், நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"சரி, படி," என்றார்.

அதோடு போனது அவர் தைரியம். மறுநாள் காஸை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தார். பழைய வழிகளை முணுமுணுப்பது நின்றது. தினம் காலையில் தெருமுக்குவரை நடந்துவிட்டு வருபவர், திரும்பும்போது வழி தெரியாமல் போனால் என்ன செய்வது என்று வாசலோடு நின்றுகொண்டார். "நான் சாப்பிட்டேனா?" என்று ஒரு மத்தியானம் அவளுக்குப் போன் பண்ணிக் கேட்டார். மகள் வெளியூரிலிருந்து போனில், "அப்பாவை உடனே டாக்டர்கிட்டக் காட்டும்மா," என்று அழுதாள். வீடு இரண்டே வாரத்தில் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது.

புத்தகத்தை மட்டும் விடாமல் படித்தாள். அது ஒரு லட்சணமா? இடது கைக்காரியான சாவிக்காரி வலது கையால் அரம் பிடித்தாள். கிழக்குப் பார்த்த கடை மேற்குப் பார்த்தது. கடைசி நாலு பக்கத்தில், அதுவரை தலையைக்கூடக் காட்டாத ஒருவன் வந்து, "நான்தான் கொன்றேன்," என்று தானே ஒப்புக்கொண்டான். ஒரு பூட்டைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை! எழுதியவர் சாப்பிட்டுக்கொண்டே எழுதினாரா, தூங்கிக்கொண்டே எழுதினாரா என்று பல்லைக் கடித்தாள். அப்போதும் கம்பவுண்டர் விஷயம் அவளுக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவள் தொழிற்சாலையில் பட்டன் தைக்கிறவள். இவள் படித்து முடித்த பாகங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு போகிறவள் அவள்தான். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"ஒன்பதாவது எப்படிக்கா?"

"குப்பை. அந்தக் கம்பவுண்டர் மட்டும்தான் கொஞ்சம் சிரிக்க வைக்கிறாரு."

"எந்தக் கம்பவுண்டர்? அவரு செத்துட்டாரே! அன்னைக்கு நீங்க இதே இடத்துல உக்காந்து அழுது, சோத்தை அப்படியே மூடி வெச்சீங்களே, மறந்துட்டீங்களா?"

அக்காவுக்குக் கையில் இருந்த கவளம் கையிலேயே நின்றது.

ஐந்தாம் பாகம் பட்டன்காரியின் வீட்டில்தான் இருந்தது. மறுநாள் கொண்டுவந்தாள். நூற்று எண்பத்தெட்டாம் பக்கம். மார் வலி. சாவிக்காரி மடியில் உயிர் போகிறது. வீட்டுக்காரர் சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எடுத்தவர் நிதானமாகச் சிரித்தார்.

"கதைதானேம்மா? எட்டுப் புஸ்தகத்துல யார் செத்தாங்க, யார் இருக்காங்கன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"என் வீட்டுக்காரருக்கு இருந்துச்சு சார்! இல்லன்னு ஆக்கினது நீங்கதான். உடம்பு முடியாத மனுஷன், தன் மூளை போயிடுச்சுன்னு பதினாலு நாளா வாசப்படி தாண்டல. நாங்க ஒரு சட்டைக்கு எட்டுப் பேரு பார்க்கறோம். நீங்க ஒரு புஸ்தகத்தை ஒருத்தர்கூடப் பார்க்க மாட்டீங்களா? உசுரோட இருக்கறவரைக் கொன்னா கதை. செத்தவரை ஸ்டூல் போட்டு உக்கார வெச்சா அதுக்குப் பேரு என்ன சார்?"

"அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்மா," என்று அந்த ஆள் வைத்துவிட்டார். அடுத்த பதிப்பாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து, நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் வரியிலேயே அவர் உதடும் கூடவே அசைந்தது.

"பார்த்தீங்களா? நீங்க சொன்னதுதான் சரி! உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகல. அந்த எழுத்தாளன்தான் மறந்து தொலைச்சிருக்கான். பதிப்பகத்துக்காரனைப் போன்ல பிடி பிடின்னு பிடிச்சுட்டேன். எவ்வளவு அலட்சியம் பாருங்க, ஒரு மனுஷனை இப்படியா..."

"அவங்களை ஏன் திட்டறே?" என்றார் அவர்.

"திட்டாம? கொஞ்சுவாங்களா?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லாத பார்வை. கோபம் இருந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

"அவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. உனக்குத் தெரியுமே. முப்பத்தோரு வருஷமாத் தெரியுமே. புஸ்தகம் ஒண்ணு சொல்லுது, நான் ஒண்ணு சொல்றேன். நீ ஏன் ஒரு தடவைகூட அந்த அஞ்சாவதை வாங்கிட்டு வந்து பார்க்கல?"

அவள் மடியில் புத்தகம் திறந்தபடி கிடந்தது. இரண்டு வாரமாகத் திட்டித் தீர்த்ததில் மிச்சம் மீதி வசவெல்லாம் நாக்கில் தயாராகத்தான் இருந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.