ஒபின்னாவின் உலிக் கோடுகள்

“நம்முடைய ஆப்பிரிக்கா சார் காலமானார்.” சுபாங் ஜெயாவில் நாங்கள் வேலை பார்க்கும் ஓவியக் கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் வியாழக்கிழமை காலை வந்த செய்தி இவ்வளவுதான். எட்டு ஆண்டுகள் எங்களோடு பாடம் நடத்திய மனிதருக்கு ஒபின்னா என்று ஒரு பெயர் இருந்தது. கிள்ளானில் ஒரு வாடகை அறையில் மாரடைப்பால் இறந்துபோனார்.

அவரை அறியாதவர்களுக்கு உலி பற்றிச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் அவருடைய இக்போ இனப் பெண்கள் ஒரு காயின் சாற்றால் உடம்பிலும், மண் சாந்தால் சுவரிலும் வரையும் மெல்லிய கோடுகள் அவை. அவற்றைத்தான் அவர் கேன்வாஸுக்குக் கொண்டுவந்தார். ஒரு மூலையில் பாம்புச் சுருள், எதிர் மூலையில் பிறை, நடுவில் வெறும் வெளி. ஆண்டுக் கண்காட்சிக்குப் படம் தேர்வு செய்த அன்று துறைத் தலைவர் கேட்டார்: “இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, இன்னும் முடிக்கலையா?”

“அந்த இடத்தையும் நான்தான் வரைந்தேன், சார்” என்றார் ஒபின்னா.

படம் கேன்டீன் பக்கத்து நடைவழிக்குப் போனது. அதன் கீழே ஒட்ட ‘பழங்குடி அலங்காரம்’ என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தவன் நான். மறுநாள் ஒபின்னா அதைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘ஓவியம். வரைந்தவர் ஒபின்னா’ என்று எழுதியிருந்தார். யார் கையெழுத்து என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்த ஆண்டே தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் அவருக்கு வீடு தேடினோம். ஒரு ஆன்டி கதவைப் பாதி திறந்து அவரைப் பார்த்தார், பிறகு என்னிடம் தமிழில் பேசினார். “இவனுங்களுக்கெல்லாம் வீடு தர்றதில்ல லா தம்பி. கறுப்பனுங்கள உள்ள விட்டா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க.” அந்த ஆன்டியே என்னைவிடக் கறுப்பு. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “வீடு ஏற்கெனவே போய்விட்டதாம்” என்று ஒபின்னாவிடம் சொன்னேன்.

படியிறங்கும்போது அவர் சொன்னார்: “அந்த அம்மா இதைவிட அதிகமாகப் பேசினார்.”

கடைசியில் கிள்ளானில்தான் அறை கிடைத்தது. தினமும் கொமுட்டர் ரயிலில் வந்துபோனார்.

போன வாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். நடைவழிப் படம் இப்போது பெரிய மண்டபத்தில், மாலையோடு. “நம் குடும்பத்தில் ஒருவர்” என்றார் தலைவர். கை தட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் யாராவது கை தட்டுவார்களா?

நேற்று அவருடைய சொந்த ஊரான எனுகுவிலிருந்து அவருடைய அக்கா அழைத்தார். வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் தம்பி என் பெயரைச் சொல்வானாம். “அந்த ஊரில் அவனுக்காக வாய் திறந்து பேசிய ஒரே ஆள் நீங்கள்தான் என்பான். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?”

எதற்காக அப்படிச் சொன்னார் ஒபின்னா? அக்கா கவலைப்படக் கூடாதென்றா? நான் மறுத்துச் சொல்லவில்லை, நன்றியை வாங்கிக்கொண்டேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். திருப்பிக் கொடுக்க வழியில்லை.