ராணி மாமி பஸ் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

இன்று நகரத்தில், லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டில் எசமானி சிஞ்ஞோரா மாண்டரின் தோடம்பழத்தின் தோலை உரித்தபோது, நான் சிறுவயதில் வளர்ந்த, எப்போதோ இடித்துவிட்ட சியாகுல்லி மாண்டரின் தோட்டத்து வீடு அந்த மணத்தோடு தன் சத்தமெல்லாம் சேர எழுந்து வந்தது.

ஊரைவிட்டு இந்த வெளிநாட்டுக்குத் தோட்ட வேலைக்கு வந்த நான்கு தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்தோம். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மற்ற வீடுகளில் தும்முவார்கள், உடுப்புக் காயப்போடும் கயிற்றுக்காகக் காலையில் தொடங்கும் சண்டை மத்தியானம்வரை ஓடும், பிள்ளைகளாகிய எங்களுக்கோ அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை.

பெரிய சண்டை மீன்குழம்பால் வந்தது. பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவின் குழம்புதான் திறம் என்று செல்வம் மாமா முற்றத்தில் நின்று சொல்லிவிட, அவர் மனைவி ராணி மாமி அவரோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். அடுத்த ஞாயிறு பெட்டியும் கையுமாக, "தங்கச்சி வீட்டை போறன், இனி வரமாட்டன்" என்று பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்.

முற்றமே பின்னால் ஓடியது. "ராணியக்கா, நில்லுங்கோ! என்ரை குழம்பிலை உப்பும் சரியில்லை, புளியும் சரியில்லை!" என்று பிலோமினா அக்கா கத்த, நாங்கள் துள்ளிக்கொண்டு முன்னே ஓடினோம். பஸ் வந்ததும் மாமி ஏறினார். கட்டிய சாரத்தோடும் வெறுங்காலோடும் மாமாவும் தொற்றி ஏறினார்.

"டிக்கெட் இருக்கோ?" என்று மாமி கேட்டார்.

"இல்லை."

மாமி கைப்பையைத் திறந்து, முன்னமே கடையில் வாங்கி வைத்திருந்த இரண்டு டிக்கெட்டுகளை எடுத்தார்.

"வருவியள் எண்டு தெரியும். இருங்கோ."

கதவடியில் நின்று நாங்கள் கைதட்டிக் கூவிய கூச்சலில், விஷயமே விளங்காத சாரதியும் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனார்.