கருகாத பாதி

சோலையம்மாள் மருந்தை அளவுக்கு அதிகமாகக் கலந்து புல்லைக் கருக்கிவிட்டாள் என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் மருது. கொட்டாம்பட்டிக்கு உள்ளே இருக்கிற கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறேன். நடந்ததைக் கண்ணால் பார்த்தவன்.

சோலையம்மாள் திருவாதவூர்க்காரி. களை பறிக்கத்தான் வந்தாள். கை தடுமாறாமல் ஒரே சீராக மருந்து அடிப்பாள் என்று தெளிப்பானை முதுகில் ஏற்றினார்கள். வருஷக்கணக்கில் சுமந்தும் வேலை நிரந்தரமாகவில்லை. இந்தத் தீபாவளிக்குள் நிரந்தரமாக்கித் தருவதாக மேனேஜர் சூரியபிரகாஷ் சொல்லியிருந்தார். மகள் அஸ்வினியின் நர்சிங் படிப்பு முடிய அந்த வேலையைத்தான் நம்பியிருந்தாள்.

பந்து விழுகிற குழியைச் சுற்றியுள்ள புல் மணலில் வளர்வது. வெயிலில் காய்ந்து காய்ந்து மணலுக்கு மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். எண்ணெய்த் தலையில் ஊற்றியதுபோல் தண்ணீர் வழிந்தோடும், உள்ளே இறங்காது. அதற்குத்தான் வெட்டிங் ஏஜென்ட். எங்கள் வாயில் ஈர மருந்து. அடித்த கையோடு தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். இலையில் தங்கி வெயில் பட்டால் புல் கருகும். இது மேனேஜருக்கும் தெரியும்.

ஆயுதபூஜை அன்று காலையில் ஒன்பதாம் குழிக்கு மருந்தடிக்கச் சொன்னார்.

"இன்னைக்கு மோட்டார் ஓடுமா சார்?" என்று கேட்டாள்.

"ஓடும், நீ அடி."

அடித்து முடித்து வால்வைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் ரூமுக்கு ஓடினோம். மோட்டாருக்கும் சுவிட்சுப் பெட்டிக்கும் சந்தனம், குங்குமம், மாலை. முன்னால் பொரிகடலை. பூஜைக்கு வைத்ததைத் தீபாராதனை முடியாமல் தொடக்கூடாது. தீபாராதனைக்கோ கிளப் தலைவர் வர வேண்டும். அவர் மதுரையிலிருந்து கிளம்பவே இல்லை.

"புல்லு செத்துரும் சார். கொஞ்ச நேரம் ஓட்டிட்டு நிப்பாட்டிருவோம்" என்று அங்கே நின்ற மேனேஜரிடம் கெஞ்சினாள் சோலையம்மாள்.

"படைச்சதத் தொடாதன்னா தொடாத. தலைவர் வந்து பாத்தா என்னையத்தான் ஏசுவாரு."

அந்த ஆளுக்குச் சாமி பயமெல்லாம் கிடையாது. தலைவர் பயம்தான்.

சோலையம்மாள் கேண்டீன் தொட்டியிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். நானும் சுமந்தேன். பாதிப் புல்லை நனைப்பதற்குள் தொட்டி காலி. தலைவர் வந்து சூடம் காட்டியபோது உச்சிவெயில் தாண்டிவிட்டது.

மறுநாள் பார்த்தால் ஒரு பாதி பச்சை, ஒரு பாதி கருகல். ஒரே கலவை, ஒரே கை. தண்ணீர் பட்ட இடம் பிழைத்தது, படாத இடம் செத்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் சூரியபிரகாஷ் எங்கள் காது கேட்கவே தலைவருக்குப் போன் போட்டு, "சோலையம்மா மருந்தக் கூடக் கலந்துட்டா சார்" என்கிறார். பொய் என்று நான் கத்தினேன். "உன் வண்டியப் பாரு மருது" என்றார். அவளிடம், தெளிப்பானை வைத்துவிட்டுக் களைக்கே போ என்றார்.

அதோடு விட்டாரா? அன்று விளையாட வந்திருந்த தலைவர் ஒன்பதாம் குழிக்கு வருவதற்குள் பச்சைப் பாதியையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டுமாம். பார்க்க ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம்! மண்வெட்டியை அவள் கையிலேயே கொடுத்தார்.

சோலையம்மாள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். பச்சைப் பாதியின் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் கூடக் கலந்திருந்தா இதும் கருகியிருக்கும்ல? தலைவரு பாக்கட்டும். அப்பறம் வெட்டுங்க."

சூரியபிரகாஷ் மிரட்டினார், பிறகு கெஞ்சினார். அவள் அசையவில்லை. தூரத்தில் தலைவர் கையில் மட்டையோடு வந்து நின்றார். அவர் கருகலையும் பார்க்கவில்லை, பச்சையையும் பார்க்கவில்லை.

"ஏம்மா, எந்திரிச்சுப் போ. பந்து வருது!" என்று சத்தம் போட்டார்.

"வரட்டும்ங்கய்யா" என்றாள் சோலையம்மாள். "பந்தை எடுக்க இங்கதான வருவீக. அப்ப குனிஞ்சு பாருங்க."