ஐந்து வயது இளையவர்

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது வயதில் ஐந்தைக் குறைத்துக் கொடுத்திருந்தார். வயது வரம்பைத் தாண்டிவிட்டவருக்கு வேறு வழி இல்லை. குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான். அதைப் பொய் என்றே யாரும் நினைத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்தார்கள். எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து நெஞ்சைப் படம் பிடித்து, எடை, ரத்த அழுத்தம் எல்லாம் குறித்துக்கொண்டார்கள். இவர் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த வயதையே அங்கேயும் சொன்னார். மாற்றிச் சொல்ல முடியுமா?

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வேறு ஊர் டாக்டர்கள் வந்தார்கள். மனிதனுக்கு எப்படி வயதாகிறது என்று ஆராய்ச்சியாம். புது ஆட்களைத் தேட வேண்டாம், முன்பு பார்த்தவர்களையே மறுபடி பார்த்தால் போதுமாம். கெட்டிக்காரத்தனம்தான். அதில் வந்து மாட்டிக்கொண்டது நாங்கள்.

"இந்த வயசுக்கு இவ்வளவு தளர்ச்சி வரக் கூடாதே" என்றார் பெரிய டாக்டர். அடிக்கடி கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. இவர் சிரிக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதினால் முதல் ஆளாகச் சைக்கிளை எடுக்கிறவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். பாதிச் சோறு தட்டிலேயே கிடந்தது.

"உங்களுக்கு வியாதி இல்லீங்க, வயசு. அஞ்சைக் கூட்டிப் பாருங்க" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"படிச்ச டாக்டர் சொல்றாரு. உனக்கு என்னடி தெரியும்?"

தான் சொன்ன வயதைத் தானே நம்பிவிட்ட மனுஷனை என்ன செய்வது? உண்மை வயதுக்கு அவர் எப்போதோ ரிட்டையர் ஆகியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் வேலை போகும், வீட்டைக் காலி செய்ய வேண்டும், பெரியவளுக்குப் பேசி வைத்த கல்யாணம் நின்றுபோகும். திறக்காவிட்டால் இவர் பயத்திலேயே போய்விடுவார் போலிருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன்.

"ஒண்ணு சொன்னா உங்களோடயே வச்சுக்குவீங்களா?"

"அது முடியாதேம்மா. ஒர்க்‌ஷாப் ஆஸ்பத்திரியோட சேர்ந்துதான் இந்த ஆராய்ச்சியே நடக்குது. எங்களுக்குத் தெரியறது எல்லாம் அவங்களுக்கும் போகும். சும்மா சொல்லுங்க, என்ன விஷயம்?"

நல்ல மனிதர். பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரியாச் சாப்பிட மாட்டேங்கிறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் போனது தெரிந்து இவர் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"உங்களுக்கு ஒரு வியாதியும் இல்லீங்க. நல்லா இருக்கீங்க."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எனக்காகப் பொய் சொல்றியா?"