இரண்டு தலைவர் படம் போட்ட பனியன்

அஞ்சாவதுகூடத் தாண்டாதவன் நான். பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பையனாகப் போய், இன்று திருப்பூர் வீரபாண்டியில் எண்பது மிஷின் ஓட்டுகிறேன். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன். என் கணக்குக்குத் தப்பியவர் ஒரே ஒருவர்தான்.

அவர் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். ஒல்லியான உடம்பு. பேசும்போதெல்லாம் வேட்டியின் கட்சிக்கரையை நீவிக்கொண்டே இருப்பார். அவர் கட்சித் தலைவரும் பொதுச்செயலாளரும் முட்டிக்கொண்டிருந்த நேரம். மாநாட்டுக்குப் பனியன் அடிக்க வந்தவர், இருவர் படத்தையும் ஒரே அளவில் போடச் சொன்னார்.

"ஏனுங்க, ரெண்டு மொகத்தயும் போட்டா எந்த அணிக்காரன் மாட்டுவானுங்க? ஒருத்தரச் சொல்லுங்க."

"எங்க கிளையில முப்பது பேரு இன்னும் ஒண்ணாத்தானுங்க இருக்கறோம். ஒருத்தரு படத்தப் போட்டா இன்னைக்கே ரெண்டாயிருவோமுங்க."

பனியன் அடித்து முடித்த அன்று, தலைவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கட்சியைவிட்டு நீக்கினார்கள். மறுவாரம் இரண்டு அணியும் அவரையும் நீக்கின. அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். முப்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

ஒரே நாளில் தாராபுரத்தில் ஓர் அணியின் மாநாடு, திருப்பூரில் இன்னோர் அணியின் மாநாடு. அன்று இரண்டு ஊருக்கும் நடுவிலிருக்கும் அவிநாசிபாளையத்தில் அவர் பஸ்ஸுக்குத் தனியாக நின்றிருந்தார். காரை நிறுத்தினேன்.

"ஏறுங்க, எந்தப் பக்கமுங்க போகோணும்?"

"நீங்க போங்க. நான் பஸ்ஸுலயே போயிக்கறனுங்க."

எதிர்க்கடையில் டீ குடித்தபடி பார்த்தேன். இரண்டு பக்கமும் பஸ் வந்து போனது. அவர் எதிலும் ஏறவில்லை.