சக்கரத்தின் சத்தம் டிவியில் கேட்காது

ஸ்கேட்டிங் போட்டிக்கு நடுவராக உட்கார நல்ல கண் வேண்டும் என்பார்கள். நல்ல செருப்பு வேண்டும் என்பேன் நான், ஏனென்றால் முடிவைச் சொன்னதும் வாசலுக்கு வேகமாக நடக்க வேண்டியிருக்கும்.

பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களே, அபார்ட்மெண்ட் கோலப் போட்டிக்கு மார்க் போட்டுவிட்டு லிஃப்டில் தனியாகப் போக நேர்ந்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். வார நாட்களில் நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் ஃபைல் பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் நடுவர். டிவியில் பனித்தரையில் பாட்டுக்குச் சுழன்று குதிப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். பெங்களூரில் அவ்வளவு பனிக்கு எங்கே போவது? இங்கே காலில் நாலு சக்கரம், கீழே சிமெண்ட் தரை. விழுந்தால் முட்டியில் தோல் இருக்காது.

இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை. ஒரு ஞாயிறுகூட பயமில்லாமல் விடிந்ததில்லை. விவேக் நகரில் எங்கள் வீட்டிலிருந்து குழந்தை இயேசு கோயிலுக்கு ஐந்து நிமிட நடை. போட்டியன்று காலையில் பெற்றோர்கள் தங்கள் பிள்ளை விழக்கூடாது என்று மெழுகுவத்தி ஏற்றுவார்கள். பக்கத்திலேயே நின்று, என் மார்க் தப்பாகக்கூடாது என்று நானும் ஒன்று ஏற்றுவேன்.

மூன்று பிளாஸ்டிக் நாற்காலி

மூன்று நடுவர்கள், மூன்று நாற்காலி, ரிங்க் என்கிற ஆடுதளத்தின் ஒரே பக்கத்தில் வரிசையாக. பிள்ளை குதிக்கும். காற்றில் இரண்டு சுற்று சுற்றி, ஒற்றைக் காலில், முதுகுப் பக்கமாக ஓடியபடி இறங்க வேண்டும். இதெல்லாம் கண் சிமிட்டுகிற நேரத்தில் முடிந்துவிடும். பார்த்தது சரியா தப்பா என்று யோசிப்பதற்குள் அடுத்த குதி வந்துவிடும். யோசிக்காமல் எழுத வேண்டும். எழுதியதை நினைத்து ராத்திரியெல்லாம் யோசிக்கலாம்.

முதல் போட்டியில் நான் எழுதியது எட்டா ஆறா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். "தோத்தவங்க அடிக்க வருவாங்களா சார்?" என்று தலைமை நடுவர் ராவ் சாரிடம் கேட்டேன். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா, பிள்ளைங்களுக்கு ஸ்கேட் கழட்டவே பத்து நிமிஷம் ஆகும், அதுக்குள்ள நாம கேட் தாண்டிடலாம்."

சோபா நடுவர்

என் கணவர் அந்தோணி காலில் சக்கரம் கட்டியதே கிடையாது. ஆனால் டிவியில் பனிச் சறுக்கு ஆட்டம் வந்தால் முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்வார். அவர் மேல் தப்பில்லை. டிவியில் அதே குதியை மூன்று பக்கத்திலிருந்து மெதுவாகக் காட்டுகிறார்கள். காலை மட்டும் பெரிதாகக் காட்டுகிறார்கள். கால் எந்தக் கோணத்தில் இறங்கியது என்று நம் வீட்டுப் பூனைக்கே தெரியும். டிவியில் தெரியாதது வேகம். நேரில் ஒரு பிள்ளை நம் மூக்குக்கு முன்னால் கடந்தால் மேஜை மேலிருக்கும் பேப்பர் பறக்கும், சக்கரத்தின் உறுமல் நாற்காலிக் கால் வழியாக ஏறும். டிவியில் எல்லாரும் ஒரே வேகத்தில் அழகாக மிதக்கிறார்கள்.

"இவ்ளோ சுலபமா தெரியுதே, இதுக்குப் போய் பயந்து சாவுறியே" என்று வாரா வாரம் கேட்டவரை ஒரு ஞாயிறு ரிங்குக்கு இழுத்துக்கொண்டு போய் என் பின்னால் உட்கார வைத்தேன். ஒரு பையன் வந்தான், குதித்தான், போனான். மனிதர் முன்னால் குனிந்து என் தோளைத் தட்டினார்: "ஸ்டெல்லா, ரீப்ளே எப்போ போடுவாங்க?"

தூரத்து மூலை

ரீப்ளே இல்லாத ஊரில் ஒரு தந்திரம் உண்டு. எந்தக் குதியில் பிள்ளைக்குச் சந்தேகமோ, அதை நடுவர்களுக்கு எதிர்ப்பக்கத்துத் தூரத்து மூலையில் வைத்துவிடுவார்கள் கோச்சுகள். அங்கே குதித்தால் நமக்கு முதுகுதான் தெரியும், கால் தெரியாது. சுற்று குறைந்ததா முடிந்ததா என்று யார் கண்டது?

அதற்கு நான் கண்டுபிடித்த மாற்று, காது. முழுச் சுற்று முடித்து இறங்கினால் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். சுற்று குறைந்தால் மீதியைத் தரையில் திருப்பித்தான் ஆகவேண்டும். அப்போது சக்கரம் 'கர்ர்' என்று தேய்க்கும். பாட்டுச் சத்தத்திலும் எனக்கு அது தனியாகக் கேட்கும். இதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வமும் இருந்தது, மறைப்பானேன். தூரத்து மூலைக்குப் பிள்ளை போனதும் கண்ணை மூடிக்கொள்வேன். ரக்ஷிதா என்ற பெண் ஆடும்போதும் அப்படித்தான் மூடினேன். அவள் அப்பா தொண்டைக்குள் மைக் வைத்துப் பிறந்தவர். இடைவேளையில் எல்லார் முன்னாலும், கன்னடம் கலந்த தமிழில், தூக்கமா என்று கேட்டார்: "ஏன் மேடம், நம்ம பொண்ணு ஆடறப்போ மட்டும் உங்களுக்கு நித்தெ வந்துடுதா?"

ஒரே ஒரு இடம்

போன மாதம் மாநில அணிக்குத் தேர்வு நடந்தது. பெண்கள் பிரிவில் ஒரே இடம் பாக்கி. அதற்கு ரக்ஷிதாவும் மோனிஷாவும் போட்டி. மோனிஷாவுக்கு அந்த வயதுப் பிரிவில் இது கடைசி வருஷம். அணியில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கேட்கலாம். வராவிட்டால் அதோடு சரி. அவள் அம்மா செல்வி ஆஸ்பத்திரியில் ஆயா. ஞாயிறு தவறாமல் சிவாஜிநகரில் பஸ் மாறி, மகளின் ஸ்கேட்டை அரிசிப் பையில் போட்டு, டூட்டிச் சேலையோடே வந்துவிடுவார். இரண்டு வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மோனிஷா அன்று காற்றைப் போல ஆடினாள். கடைசி இரட்டைச் சுற்றுக்குத் தூரத்து மூலைக்குப் போனாள். கண்ணை மூடினேன். 'டப்', உடனே 'கர்ர்'. சுற்றுக் குறைவு என்று எழுதி மார்க்கை வெட்டினேன். மற்ற இரண்டு நடுவர்களும் ஆளுக்கொரு பெண்ணை முதலில் போட்டிருந்தார்கள். என் மார்க்தான் முடிவு செய்தது. இடம் ரக்ஷிதாவுக்கு.

முடிவை ஒட்டிய பலகையிலிருந்து திரும்பினால், செல்வி நேராக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. தண்ணீர் பாட்டிலை நாற்காலியடியில் அப்படியே விட்டுவிட்டு, வாசலில் நின்ற ஆட்டோவில் பாய்ந்து ஏறினேன். "மேடம்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. "பையா, பேக ஹோகி", சீக்கிரம் போங்க, என்றேன் டிரைவரிடம் கன்னடத்தில். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு மேடம் துரத்தறாங்க, போலீஸா?"

எங்கள் வீட்டு டிவியில்

அன்று சாயங்காலம் யாரோ ஒரு பெற்றோர் போனில் பிடித்த வீடியோ சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. தூரத்து மூலைப் பக்கமிருந்து எடுத்தது. அந்தோணி அதை டிவியில் போட்டு, குதி வந்ததும் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்.

மோனிஷாவின் கால் எங்கள் ஹாலில் இரண்டடி உயரத்துக்குத் தெரிந்தது. இரண்டு சுற்றும் காற்றிலேயே முடிந்திருந்தது. நறுக்கென்று இறங்கினாள். இறங்கிய கால் பின்னோக்கி ஓடி, தரையில் கறுத்துக் கிடந்த ஒரு திட்டின் மேல் ஏறி இறங்கியது. கர்நாடகம் உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவ விழாவுக்கு ரிங்கில் மேடை போட்டபோது கம்பம் நட்ட குழிகள். பிறகு சிமெண்டைக் குழைத்து அப்பி அடைத்திருந்தார்கள், சொரசொரவென்று. ரக்ஷிதா தன் குதியை நடுவர்களுக்கு எதிரிலேயே வைத்திருந்தாள், அந்தப் பக்கம் போகவே இல்லை.

மறுபடி ஓட்டச் சொன்னேன். மறுபடியும். அந்தப் பெண்ணின் காலேஜ் சீட்டை ஒரு சிமெண்ட் திட்டை நம்பி நான் தின்றுவிட்டேன். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை பிள்ளைகளை இப்படி வெட்டினேனோ! அந்தோணி ரிமோட்டைக் கீழே வைத்தார், முறுக்கு டப்பாவை மூடினார், "நான் ஒண்ணும் பேசல" என்றார்.

நாற்பத்தேழு வயதில் ஒரு குதியில்லா ஆட்டம்

டிவியை மட்டும் நம்பி எப்படிச் சொல்வது? வீடியோவில் பாட்டும் கூட்டத்தின் கூச்சலும்தான் கேட்டன. சத்தம் அந்தத் திட்டினுடையதுதானா என்று காதால் கேட்க வேண்டும். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, பரணிலிருந்த என் பழைய ஸ்கேட்டைத் தூக்கிக்கொண்டு ரிங்குக்குப் போனேன். சக்கரம் கட்டி எட்டு வருஷம் ஆகிறது. கம்பியைப் பிடித்துப் பிடித்துத் தூரத்து மூலைக்கு ஊர்ந்தேன். மாதாவே என்று ஒற்றைக் காலில் பின்னோக்கி உருண்டேன். திட்டின் மேல் சக்கரம் ஏறியது. 'கர்ர்'.

அதே சத்தம். துளி வித்தியாசமில்லை. இன்னொரு முறை கேட்கலாம் என்று திரும்பினேன். காவலாளி ஓட்டமாக வந்து கையை நீட்டித் தடுத்தார்: "மெதுவா மேடம், ஃபர்ஸ்ட் எய்ட் டப்பா சாவி செக்ரெட்ரி கிட்ட இருக்கு, அவரு ஊர்ல இல்ல."

ஒரு வரிக் கடிதம்

வீடியோவைக் காட்டி மார்க்கை மாற்ற எங்கள் சங்கத்தில் விதி கிடையாது. ஆனால் பட்டியல் மேலே போவதற்குள் நடுவரே தன் தவறை எழுதிக் கொடுத்தால், இரண்டு பேரையும் மறுபடி ஆடவைக்கலாம். பட்டியல் மறுநாள் போகிறது. சங்க ஆபீஸ் மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கினேன். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதினால் பழைய வீடியோ வைத்திருக்கும் அத்தனை அப்பாக்களும் என் வீட்டு வாசலில் நிற்பார்கள். மூன்றாம் முறை ஏறினேன்.

"மோனிஷாவின் கடைசிக் குதியை நான் பார்க்கவில்லை, சத்தத்தை வைத்து மார்க் போட்டேன், அது தவறு." எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். ராவ் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒரு தரம், மாட்டி ஒரு தரம் படித்தார்: "'பார்க்கவில்லை'ன்னு நடுவர் எழுதினா, அடுத்த வருஷம் உங்களுக்கு நாற்காலி போடறது கஷ்டம்மா, கொடுத்துடவா, கிழிச்சிடவா?"

நாற்காலி இல்லாத ஞாயிறு

கொடுக்கச் சொல்லிவிட்டேன். மறு ஆட்டம் அடுத்த ஞாயிறு. என் நாற்காலியில் வேறொருவர். ரக்ஷிதாவின் அப்பா அந்த வாரம் ஏழு முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. ரிங்குக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மெழுகுவத்தி ஏற்றிய பிறகு போகாமல் இருப்பது சாமியிடம் பொய் சொன்ன மாதிரி இருந்தது. வாசலிலேயே ரக்ஷிதாவின் அப்பா பிடித்துக்கொண்டார். அவர் மகளும் என் தப்பினால்தானே மறுபடி சக்கரம் கட்டி நிற்கிறாள்? எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்: "போன தடவ காதால மார்க் போட்டீங்களாமே மேடம், இந்தத் தடவ மூக்கால போடறாங்களா?"

மூலைப் படிக்கட்டு

அவரிடமிருந்து தப்பி, கூட்டத்துக்குப் பின்னால் சுற்றி, தூரத்து மூலைப் படிக்கட்டில் போய் ஒண்டினேன். பக்கத்தில் ஒரு நீலச் சேலை. செல்வி. எழுந்து ஓட இடமில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. முந்தானையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரக்ஷிதா நன்றாகத்தான் ஆடினாள், ஒரு சுழற்சியில் மட்டும் கை தரையைத் தொட்டது. அடுத்து மோனிஷா. பாட்டு பாதியைத் தாண்டியது. அதே மூலைக்கு, எங்கள் எதிரிலேயே வந்தாள். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. எழும்பினாள். 'டப்'. 'கர்ர்'. எனக்கு உயிரே போய்விட்டது, செல்வியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டேன். முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது, "பயப்படாதீங்க, அது தரையோட சத்தம்."

கால் மணி நேரத்தில் பலகையில் பெயர் ஒட்டினார்கள். மோனிஷா. மூன்று நடுவர்களும் அவளைத்தான் முதலில் போட்டிருந்தார்கள். செல்வி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அரிசிப் பைக்குள் கைவிட்டு என் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார், கழுவித் துடைத்து வைத்திருந்தார். "தரையோட சத்தம்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"எதிர்ப்பக்கம் சின்னப் பிள்ளைங்க கிளாஸ் நடக்கும், அதனால இவ எப்பவும் இந்த மூலைலதான் பழகுவா. நான் பார்க்கறதே இல்ல மேடம், பயம், சத்தம் மட்டும் கேட்டுட்டு உக்காந்திருப்பேன். அந்தக் குழிய அடைச்சதுலேர்ந்துதான் இந்தச் சத்தம். அன்னிக்கே சொல்லலாம்னுதான் வந்தேன், நீங்க ஆட்டோ ஏறிட்டீங்க." ஸ்கேட்டை எடுத்துப் பைக்குள் வைத்தபடி, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "நல்லவேளை போயிட்டாங்கன்னு இருந்துச்சு மேடம், உங்களப் பார்த்தாலே எனக்குக் கை கால் ஓடாது."

இருபத்திரண்டு வருஷமாக நல்ல செருப்பாகத் தேடித் தேடி வாங்கி நான் ஓடியதெல்லாம், என்னைக் கண்டு என்னைவிட அதிகமாக நடுங்கியவர்களிடமிருந்துதான்.